நோய் எதிர்ப்பாற்றலுக்குப் பெப்டைடு துணையுணவு: அறிவியல் சொல்வதும் அகளியின் அனுபவமும்

நோய் எதிர்ப்பாற்றலை உயர்த்துவதாகக் கூறும் பெப்டைடு மாத்திரைகள், பொடிகள், ஊசிக் குப்பிகள் ஆகியவற்றின் விளம்பரங்கள் இணையத்தில் பெருகியுள்ளன. கொலாஜன் பெப்டைடு, மோர்ப்புரதப் பெப்டைடு, தைமஸ் பெப்டைடு, பிபிசி-157 எனப் பெயர்கள் பலவாக உள்ளன. மருந்தா, உணவா, இரண்டும் இல்லாத ஒன்றா என்ற தெளிவு இல்லாமலேயே பலரும் இவற்றை வாங்குகின்றனர். பெப்டைடுகள் உடலில் எவ்வாறு இயங்குகின்றன, எந்த அளவுக்கு மெய்ப்பிக்கப்பட்டுள்ளன, இந்தியச் சட்டம் இவற்றை எவ்வாறு வகைப்படுத்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்த விளக்கத்துக்கு அகளி பொருத்தமான இடம். கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், மன்னார்க்காட்டிலிருந்து தமிழக எல்லையான ஆனைக்கட்டிக்குச் செல்லும் சாலையில், அட்டப்பாடி மலைப்பகுதியின் நிர்வாக மையமாக அமைந்துள்ள ஊர் அது. கோவை மக்கள் குடிக்கும் சிறுவாணி நீர் இந்த மலைகளிலிருந்துதான் வருகிறது. நோய் எதிர்ப்பாற்றல் குறைவதும், அதனால் குழந்தைகள் இறப்பதும் இங்கு விளம்பரச் சொற்கள் அல்ல. அரசு ஆவணங்களில் பதிவான நிகழ்வுகள். குறையை ஈடுசெய்ய இங்கு எது கொடுக்கப்பட்டது என்பது, புட்டிகளில் விற்கப்படும் பொருள்களை எடைபோட ஓர் அளவுகோலாகும்.

பெப்டைடு என்றால் என்ன?

அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்ட சங்கிலியே பெப்டைடு. இரண்டு மணிகள் சேர்ந்தாலே அது பெப்டைடுதான். பொதுவாக ஐம்பது அமினோ அமிலங்கள் வரை உள்ளவற்றைப் பெப்டைடு என்றும், அதற்கு மேல் நீண்டு மடிந்து உருவம் பெற்றவற்றைப் புரதம் என்றும் வழங்குகின்றனர். இந்த எல்லை கறாரானது அல்ல. 1921-ல் கனடாவில் பிரித்தெடுக்கப்பட்ட இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. அதை இரு பெயராலும் அழைப்பவர்கள் உண்டு.

நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பெப்டைடுகள் புதியவை அல்ல என்பதே விளம்பரதாரர்களுக்கு வாய்ப்பாக அமைந்துவிடுகிறது. தோலிலும் குடலிலும் நுரையீரலிலும் உள்ள செல்கள் டிஃபென்சின் போன்ற சிறு பெப்டைடுகளைச் சுரந்து பாக்டீரியாவின் மேலுறையைத் துளைக்கின்றன. ஒரு செல்லுக்குள் வைரஸ் புகுந்துவிட்டால், அந்தச் செல் வைரஸின் புரதத்தை எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகளாக வெட்டித் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. ரோந்து வரும் டி செல்கள் அத்துண்டைப் பார்த்துத்தான் பகையை அடையாளம் காண்கின்றன. டி செல்கள் பகையை இனங்காணும் விதத்தைக் கண்டறிந்த பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் இருவருக்கும் 1996-ல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெப்டைடு என்றாலே எதிர்ப்பாற்றல் கூடும் என்று பொருளில்லை. உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரின் பதினோரு அமினோ அமிலங்களால் ஆன வளையப் பெப்டைடு. அது எதிர்ப்பாற்றலை அடக்குகிறது. புதிய சிறுநீரகத்தை உடல் புறந்தள்ளாமல் இருப்பது அந்த அடக்குதலால்தான். ஆகவே "பெப்டைடு நல்லதா?" என்ற கேள்வி, "மாத்திரை நல்லதா?" என்று கேட்பதைப் போன்றது. எந்தப் பெப்டைடு, எந்த வழியில், யாருக்கு, எந்த அளவில் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

வாய்வழி உட்கொண்டால் என்ன ஆகிறது?

துணையுணவாக விற்கப்படும் பெப்டைடுகளின் அடிப்படைச் சிக்கல் வயிற்றில் தொடங்குகிறது. இரைப்பையின் அமிலமும் பெப்சினும், பிறகு சிறுகுடலில் டிரிப்சின் உள்ளிட்ட நொதிகளும் சங்கிலியை வெட்டித் தள்ளுகின்றன. ஒற்றை அமினோ அமிலங்களும், இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகளும் மட்டுமே குடல் சுவரில் உள்ள கடத்திகள் வழியாகப் பெருமளவில் உள்ளே செல்கின்றன. இன்சுலினை நூறு ஆண்டுகளாக ஊசி வழியே செலுத்திவருவதற்கு இதுவே காரணம். விழுங்கினால் அது பருப்பைப் போலவே செரித்துவிடும்.

விலையுயர்ந்த கொலாஜன் பெப்டைடும் இந்த விதிக்குப் பெரிதும் உட்பட்டதே. சில குறுந்துண்டுகள் ரத்தத்தில் தென்படுவது உண்மை. ஆனால் ரத்தத்தில் தென்படுவதும் நோயைத் தடுப்பதும் வேறு வேறு. கொலாஜன் முழுமையான புரதமும் அல்ல. உடல் தானே உருவாக்கிக்கொள்ள இயலாத டிரிப்டோஃபேன் அதில் இல்லை. கொலாஜன் ஹைட்ரோலைசேட் மூட்டுகளைக் காக்கும் என்ற விளம்பர வாசகத்துக்குப் போதிய சான்று இல்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் முடிவு செய்தது. அதே ஆணையம், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் இயல்பான செயல்பாட்டுக்கு உதவுவதாகச் சொல்லிக்கொள்ள அனுமதித்துள்ள பட்டியலில் இருப்பவை துத்தநாகம், இரும்பு, செலினியம், ஃபோலேட், வைட்டமின் சி, டி போன்ற பழகிய பெயர்களே.

வெட்டிய புரதத்துக்கு மருத்துவத்தில் உண்மையான பயன்பாடும் உண்டு. பசும்பால் ஒவ்வாமை உள்ள கைக்குழந்தைகளுக்கு, ஒவ்வாமையைத் தூண்டாத அளவுக்குப் புரதத்தை நொறுக்கிய சிறப்புப் பால்மாவை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். செரிமானம் குன்றிய நோயாளிகளுக்குக் குழாய் வழியே தரும் உணவிலும் இது உண்டு. ஆனால் ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கு இதே மாவைக் கொடுத்தால் பிற்காலத்தில் ஒவ்வாமை வராது என்ற கூற்று வேறு வகை. அதற்குச் சீரான சான்று இல்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வறிக்கை தெரிவித்தது.

தைமோசின்: மிகுந்த எதிர்பார்ப்பும் அளவான விளைவும்

நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி டி செல்களின் பயிற்சிக்கூடம். அச்சுரப்பியின் சாற்றிலிருந்து அமெரிக்க அறிவியலாளர் ஆலன் கோல்ட்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் பிரித்த தைமோசின் ஆல்ஃபா 1, 28 அமினோ அமிலங்களைக் கொண்டது. அதன் வரிசை 1977-ல் வெளியானது. இது செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு, கல்லீரல் அழற்சி பி போன்ற நோய்களுக்கு ஊசி மருந்தாகச் சீனா உள்ளிட்ட பல நாடுகளில் ஒப்புதல் பெற்றுள்ளது. எதிர்ப்பாற்றல் பெப்டைடுகளில் நீண்ட ஆய்வு வரலாறு உடையவற்றுள் இதுவும் ஒன்று.

அதுவும் எல்லாவற்றையும் சாதித்துவிடவில்லை. ரத்தத்தில் நச்சு பரவி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நோயாளிகள் 1,106 பேரிடம் சீனாவின் 22 மையங்களில் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2025 ஜனவரியில் வெளியானது. மருந்து பெற்றவர்களில் 28 நாள்களுக்குள் இறந்தோர் 23.4 சதவீதம், வெற்று ஊசி பெற்றவர்களில் 24.1 சதவீதம். இறப்பை மருந்து குறைத்தது என்று கூறுவதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் ஆராயப்பட்ட ஒரு மருந்தின் நிலையே இதுவென்றால், மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்படாத பெப்டைடுகளைப் பற்றி எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை.

பிபிசி-157 அத்தகையது. 15 அமினோ அமிலங்கள் கொண்ட இப்பொருளைப் பற்றிய சான்றுகளில் பெரும்பகுதி எலிகள் மீதான சோதனைகளே. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2022-ல் இதைத் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. பாதுகாப்புக் குறித்த ஐயங்களைச் சுட்டிக்காட்டி, மருந்துக் கலவையகங்கள் இதைத் தயாரிப்பதை எதிர்த்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023-ல் எச்சரித்தது. இவ்வகைக் குப்பிகள் பலவற்றின் மேல் "ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்" என அச்சிடப்பட்டிருக்கும். மனித உடலில் செலுத்தத் தகுதியானது என்று எவரும் சான்றளிக்கவில்லை என்பதே அவ்வாசகத்தின் பொருள். பாக்டீரியா நச்சு எச்சம், தவறான அளவு ஆகியவற்றோடு, ஊசி வழியே செல்லும் அயற்பெப்டைடை எதிரியாகக் கருதி உடலே எதிர்ப்பொருள் உண்டாக்கும் வாய்ப்பும் உள்ளது.

அகளியில் நிகழ்ந்தது

அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று ஊராட்சிகளைக் கொண்டது அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் இங்கு நூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் வாழ்கின்றனர். இவர்களில் இருளரே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். அவர்களது மொழி தமிழுக்கு மிக நெருக்கமானது. 1951 கணக்கெடுப்பின்போது மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் பழங்குடியினராக இருந்தனர். 2011-ல் அவர்களின் பங்கு சுமார் 44 சதவீதம். சமவெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் பெருகப் பெருக, நிலம் கைமாறியது. நிலம் கைமாறியபோது தட்டும் மாறியது.

முன்பு மலைச்சரிவில் கேழ்வரகு, சாமை, தினை ஆகியவற்றுடன் துவரையும் அவரையும் கீரையும் ஒரே காட்டில் கலந்து விதைத்தனர். பஞ்சகிருஷி என்று இப்பகுதியில் அது அழைக்கப்படுகிறது. ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். அந்த முறை சுருங்கியபின், நியாயவிலைக் கடை அரிசியே பிரதான உணவானது. அரிசி பசியை ஆற்றியது. பருப்பும் கீரையும் சிறுதானியமும் தந்த இரும்பு, கால்சியம், புரதம் ஆகியவற்றின் இடம் நிரம்பவில்லை.

2013-ன் முற்பகுதியில் அட்டப்பாடியின் சிசு மரணங்கள் நாடு முழுவதும் செய்தியாயின. எண்ணிக்கை குறித்து அரசுக்கும் களப்பணியாளர்களுக்கும் இடையே வேறுபாடு இருந்தது. காரணம் குறித்துப் பெரிய வேறுபாடு இல்லை. கருவுற்ற பெண்களின் ரத்தசோகை, குறைப்பிரசவம், மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகள் என்ற சங்கிலியை ஆய்வுக் குழுக்கள் சுட்டிக்காட்டின. சிசு மரண விகிதத்தில் நாட்டின் பெரிய மாநிலங்களில் மிகச் சிறந்த நிலையில் உள்ள மாநிலத்துக்கு இது பெரும் அதிர்ச்சி. 2023 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி ஆயிரம் பிறப்புகளுக்குத் தேசிய அளவில் 25 சிசுக்கள் இறக்கின்றன, கேரளத்தில் 5. மாநிலச் சராசரி என்பது மலைமேல் உள்ள ஊர்களைக் கண்ணில் காட்டாத ஒரு திரை என்பதை அட்டப்பாடி உணர்த்தியது.

குறைந்த எடையுடன் பிறக்கும் குழந்தைக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. எதிர்ப்பொருள்கள் அனைத்தும் புரதங்கள். அவற்றை உருவாக்கும் செல்கள் பெருகப் புரதமும் துத்தநாகமும் இரும்பும் ஃபோலேட்டும் வேண்டும். கடும் ஊட்டச்சத்துக் குறைவில் தைமஸ் சுரப்பியே சுருங்கிவிடுகிறது. வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் அத்தகைய குழந்தையை எளிதில் வீழ்த்துகின்றன. நோய் வந்தால் பசி குறைகிறது, பசி குறைந்தால் எடை இறங்குகிறது, அடுத்த நோய்க்கு வழி திறக்கிறது.

அன்றைய மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்த பிறகு, சிறப்புத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. குடும்பஸ்ரீ அமைப்பின் வழியாக ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்கள் தொடங்கப்பட்டன. கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், சிறு குழந்தைகள், முதியோர் ஆகியோருக்கு அங்குச் சமைத்த உணவு கிடைத்தது. கடும் எடைக்குறைவு உள்ள குழந்தைகளுக்கு ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் ஏற்படுத்தப்பட்டன. கோட்டத்தறையில் உள்ள அரசுப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை வலுப்படுத்தப்பட்டது. 2017-ல் கேரள அரசின் சிறுதானியக் கிராமத் திட்டம் அட்டப்பாடியில் தொடங்கி, கைவிடப்பட்ட காடுகளில் மீண்டும் கேழ்வரகும் சாமையும் விதைக்கப்பட்டன.

இவற்றால் சிக்கல் முடிந்துவிட்டது என்று எழுத முடியாது. அதன்பின்னும் சிசு மரணச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2021 நவம்பரில் சில நாள்களுக்குள் அடுத்தடுத்து நேர்ந்த இறப்புகள் மீண்டும் விவாதத்தைக் கிளப்பின. நிலவுரிமை, சாலை, மருத்துவர் பற்றாக்குறை, மது எனப் பல முடிச்சுகள் இன்னும் அவிழவில்லை. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. எதிர்ப்பாற்றல் குன்றிய தாய்க்கும் சேய்க்கும் என்ன தருவது என்று நிபுணர்கள் கூடி முடிவெடுத்தபோது, பட்டியலில் இடம்பெற்றவை சமைத்த உணவு, இரும்பு மற்றும் ஃபோலிக் அமில மாத்திரை, தடுப்பூசி, பிரசவக் கண்காணிப்பு ஆகியவையே.

அட்டப்பாடியின் துவரையும் ஆட்டுக்கொம்பு அவரையும் 2022-ல் புவிசார் குறியீடு பெற்றன. ஆட்டின் கொம்புபோல் வளைந்த அந்த அவரை இங்குள்ள ஊர்களில் தலைமுறைகளாகப் பயிரிடப்படுவது. அதே தொகுப்பில், இடுக்கி மாவட்டத் தமிழர்கள் வாழும் காந்தளூர், வட்டவடைப் பகுதியின் மலைப்பூண்டும் குறியீடு பெற்றது. துவரம்பருப்பின் 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் உள்ளது. கேழ்வரகில் சுமார் 7 கிராம் புரதமும் 360 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் உண்டு. தானியங்களில் குறைவுபடும் லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவுபடும் மெத்தியோனின் கேழ்வரகில் உண்டு. கேழ்வரகுக் களியும் துவரைக் குழம்பும் ஒன்றையொன்று நிறைவு செய்வது இப்படித்தான். குடலில் இவை பெப்டைடுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் பிரிவதைத் தடுக்க யாராலும் முடியாது. அதற்குத் தனி விலையும் இல்லை.

முதற்பாலும் பெப்டைடும்

பிறந்த குழந்தைக்குக் கிடைக்கும் முதல் எதிர்ப்பாற்றல் பெப்டைடுகள் தாயின் சீம்பாலில் உள்ளன. லாக்டோஃபெரின், டிஃபென்சின்கள், கேத்தலிசிடின் வகைப் பெப்டைடு ஆகியவற்றோடு, குடலின் உட்சுவரைக் காக்கும் எதிர்ப்பொருள்களும் அதில் செறிந்துள்ளன. கைக்குழந்தையின் வயிற்றில் அமிலமும் நொதிகளும் இன்னும் முதிராததால், இவற்றில் பல சிதையாமல் குடலுக்குச் சென்று அங்கேயே பணிபுரிகின்றன. பெரியவர்கள் விழுங்கும் மாத்திரைக்கு இந்த வாய்ப்பு இல்லை.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விளம்பரப்படுத்துவதை 1992-ம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் தடை செய்கிறது. தாய் ரத்தசோகையுடன் இருந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. தாயைக் கவனிப்பதே வழி.

அரிவாள் செல்: ஒரே ஓர் அமினோ அமிலம்

அட்டப்பாடிக்கும் பெப்டைடு அறிவியலுக்கும் நேரடியான ஒரு தொடர்பும் உண்டு. அரிவாள் செல் ரத்தசோகை இங்குள்ள பழங்குடியினரிடையே காணப்படும் மரபுவழி நோய். இந்தியாவில் இம்மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952-ல் முதன்முதலாக அறிவித்தது, அட்டப்பாடிக்கு அண்டையிலுள்ள நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தை ஆராய்ந்த பிறகுதான்.

நோயின் வேர் எங்கே இருக்கிறது என்பதை 1950-களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம் கண்டுபிடித்தார். அவர் ஹீமோகுளோபினை டிரிப்சினால் சிறு பெப்டைடுகளாக வெட்டி, தாளில் பரப்பி ஒப்பிட்டார். ஆரோக்கியமானவரின் துண்டுகளும் நோயாளியின் துண்டுகளும் ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் ஒத்திருந்தன. அந்த ஒன்றில், பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின் இருந்தது. ஒரே மணி மாறியதால் சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது, நாளங்களை அடைக்கிறது, தாங்க முடியாத வலியைத் தருகிறது.

இந்நோயில் எதிர்ப்பாற்றலும் அடிபடுகிறது. அடைப்புகளால் மண்ணீரல் சிறு வயதிலேயே பழுதடைவதால், நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் ரத்தத்தில் வேகமாகப் பரவுகின்றன. சாதாரணக் காய்ச்சல் எனக் கருதி ஒரு நாள் காத்திருப்பதும் உயிருக்கு ஆபத்தாகலாம். இதற்கான பாதுகாப்பு நிமோகாக்கல் தடுப்பூசியும், இளங்குழந்தைகளுக்குத் தொடர்ந்து தரப்படும் பென்சிலினும், ஹைட்ராக்சியூரியா மருந்துமே. நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் உள்ளது.

அமினோ அமிலத் துணையுணவு முறையான மருந்தாக உயர்ந்த அரிய எடுத்துக்காட்டும் இந்நோயில்தான் கிடைக்கிறது. எல்-குளூட்டமின் பொடிக்கு அமெரிக்கா 2017-ல் ஒப்புதல் அளித்தது. 230 நோயாளிகளிடம் 48 வாரங்கள் நடந்த சோதனையில், வலித் தாக்குதல்களின் இடைநிலை எண்ணிக்கை நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தது. இதே சான்றைப் பரிசீலித்த ஐரோப்பிய மருந்து முகமையின் குழு அது போதாது என்று 2019-ல் கருதியது. 48 வாரங்களும், 230 பேரும், வெற்றுப்பொடியோடு ஒப்பீடும் இருந்த ஒரு பொருளுக்கே இவ்வளவு கறாரான விசாரணை. "எதிர்ப்பாற்றல் பெப்டைடு" என்று சந்தையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை அந்த விசாரணைக் கூடத்தின் படியைக்கூட மிதித்ததில்லை.

குன்னூர் தந்த எச்சரிக்கை

புரதத்தைப் பொடியாக்கி ஏழைகளின் நோயைத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை பழையது. 1955-ல் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் புரத ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தன. மீன் மாவு, எண்ணெய்வித்துப் புண்ணாக்கு எனப் பலவற்றிலிருந்து புரதச் செறிவுகள் தயாராயின. உலகின் ஊட்டச்சத்துச் சிக்கல் "புரத இடைவெளி"யே என்று அக்காலத்தில் பேசப்பட்டது.

அந்தக் கருத்தைக் கேள்விக்குள்ளாக்கியவர்களில் முன்னணியில் நின்றவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். அட்டப்பாடிக்கு மலை தாண்டினால் வரும் குன்னூரில், ராபர்ட் மெக்கரிசன் 1918-ல் தொடங்கிய ஆய்வுக்கூடம் பின்னாளில் ஹைதராபாத்துக்குச் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அதன் இயக்குநராக இருந்தவர் கோபாலன். இந்தியக் குழந்தைகளின் தட்டில் புரதம் மட்டும் தனியாகக் குறையவில்லை, உணவே குறைகிறது என அவரது குழு வாதிட்டது. வயிறு நிறையாதபோது உண்ட புரதத்தையும் உடல் எரிபொருளாக எரித்துவிடும். கலோரியைக் கூட்டும் எளிய உணவு கொடுத்தாலே வளர்ச்சி மேம்படுவதை அவர்கள் 1973-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மறு ஆண்டே டொனால்ட் மெக்லாரன் லான்செட் இதழில் அந்தப் புரத அலையை "மாபெரும் தோல்வி" என்னும் பொருள்பட விமர்சித்தார். இன்றைய பெப்டைடு விளம்பரங்களைப் படிக்கும்போது அந்த விவாதம் நினைவுக்கு வருவது இயல்பு. அன்று பொடி இலவசமாக வந்தது என்பது மட்டுமே வேறுபாடு.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

கேரளத்தின் ஆலுவாவைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் உள்ளிட்ட குழு, இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதத் துணையுணவுகளை ஆய்வகத்தில் சோதித்து 2024-ல் முடிவுகளை வெளியிட்டது. ஏறத்தாழ 70 சதவீதப் பொருள்களில் புரத அளவு பற்றிய தகவல் சரியாக இல்லை. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சான அஃப்லாடாக்சினும், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன.

அளவில் பிழை நேரும் விதம் எளிது. புரதத்தை நேரடியாக அளப்பதற்குப் பதில் நைட்ரஜனை அளந்து கணக்கிடுவது வழக்கம். விலை குறைந்த கிளைசின், டாரின் போன்றவற்றைக் கலந்தால் நைட்ரஜன் கூடும்; தாளில் புரதம் உயரும்; உடலுக்கு அது வந்து சேராது. ஏற்கெனவே வெட்டப்பட்ட பெப்டைடுப் பொடியில் இக்கலப்படத்தைக் கண்டறிவது இன்னும் கடினம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், உடற்கட்டுக்காகப் புரதத் துணையுணவுகளை நாடுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. ஆரோக்கியமான பெரியவருக்குப் பரிந்துரைக்கப்படும் புரதம், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். பருப்பு, தானியம், பால் அல்லது முட்டை சேர்ந்த உணவில் எட்டக்கூடியதே. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டுவது தீங்கானது.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது?

வாய்வழி உட்கொள்ளும் துணையுணவுகள் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின்கீழ் வருகின்றன. இவற்றுக்கான தனி விதிமுறைகள் 2016-ல் வெளியாயின. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகமும், பரிந்துரைக்கப்பட்ட அளவை மீறக் கூடாது என்ற எச்சரிக்கையும், 14 இலக்க உரிம எண்ணும் அட்டையில் இருக்க வேண்டும். நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று துணையுணவு கூறிக்கொள்ள முடியாது. தவறான விளம்பரத்துக்கு அச்சட்டத்தின் 53-ம் பிரிவின்கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஊசியாகச் செலுத்தப்படும் எதுவும் துணையுணவு ஆகாது. அது 1940-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் மருந்து. விற்பனைக்கு ஒப்புதலும், வாங்க மருத்துவரின் சீட்டும் தேவை. "இயற்கைப் பெப்டைடு, ஊசி வடிவில்" என்று துணையுணவுப் பட்டியலில் ஒரு பொருள் காணப்பட்டால், அந்த வரியே அதன் சட்டவிரோதத்தை ஒப்புக்கொள்கிறது.

அடிக்கடி சளி, ஆறாத புண், காரணமின்றி எடை குறைதல், தொடர் காய்ச்சல் ஆகியவை எதிர்ப்பாற்றல் குறைவின் அறிகுறிகளாக இருக்கலாம். நீரிழிவு, காசநோய், எச்ஐவி, ரத்தசோகை, தைராய்டு எனக் காரணம் எதுவாகவும் இருக்கக்கூடும். இவற்றைக் கண்டறியும் சோதனைகள் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கின்றன. ஒரு புட்டியை வாங்கி மூன்று மாதம் காத்திருந்து பார்ப்பதில் போவது பணம் மட்டுமல்ல; காசநோயாளிக்கு அந்த மூன்று மாதம் மிக விலையுயர்ந்தது.

அரிவாள் செல் நோயை 2047-க்குள் ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் நகரில் தொடங்கப்பட்டது. அதன்கீழ் பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்கு உட்பட்டோருக்கு ரத்தச் சோதனை செய்து, நோயாளியா, மரபணுவைச் சுமப்பவரா, இரண்டும் அல்லாதவரா என்று குறிக்கும் அட்டை வழங்கப்படுகிறது. மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இரு குடும்பத்தாரும் இந்த அட்டைகளை எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.